மகாராஜபுரத்துப் பாதை வழக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் போய் வந்தவன் நான். வக்கீல் ஹரிகிருஷ்ணனிடம் குமாஸ்தா. இப்போது ஓய்வில் இருந்தாலும் ஆட்கள் விடுவதில்லை. வரப்புத் தகராறு, சுவர்த் தகராறு என்று வந்து உட்கார்ந்துகொண்டு, "கேஸ் போட்டா எம்புட்டு நாளாகும்?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, வெள்ளைத்தாயைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வெள்ளைத்தாய் மகாராஜபுரத்துக்காரி. புருஷன் இறந்த பிறகு நாற்பது தென்னை மரத்தை வைத்துப் பிழைத்தவள். தோப்பிலிருந்து ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் கொழுந்தனார் மகன், இல்லை, தப்பு, புருஷனுடைய அண்ணன் மகன் தங்கப்பாண்டியனின் தோப்பு வழியாக வண்டிப்பாதையில் வரவேண்டும். பாகம் பிரித்தபோது பாதையைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்குப் பாதி வேலை இருந்திருக்காது. ஏதோ வாய்ச்சண்டையில் தங்கப்பாண்டியன் முள்வேலி போட்டான். அன்றிலிருந்து அவள் தேங்காயைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து, ஒற்றையடி வரப்பில் அரை மைல் நடந்தாள். தேங்காய் வியாபாரிகள், வண்டி வராத தோப்பு வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார்கள்.

2014இல் பிராது கொடுத்தோம். நோட்டீஸ் போய்ச் சேர ஐந்து மாதம். "அங்கே பாதையே கிடையாது, எங்கள் தாத்தா காலத்திலிருந்து வேலிதான்" என்று தங்கப்பாண்டியன் பதிலுரை கொடுக்க ஒரு வருஷம். பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. நீதிபதி மாறுவார், வக்கீல்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், கேஸ் கட்டு விசாரணைக்கு மேலே வராது. சாட்சிக்கு ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் இரண்டு பக்கமும் சொந்தம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. காலையில் வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து வாதியும் பிரதிவாதியும் ஒன்றாக இறங்குவார்கள். கூட்டமாக இருந்தால் சின்னம்மாவுக்கு இடம்பிடித்துக் கொடுப்பவன் தங்கப்பாண்டியன்தான். கோர்ட் வாசலுக்கு வந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் அந்த வேப்பமரத்துக்கும் இவள் இந்த வேப்பமரத்துக்கும் போய்விடுவார்கள். மத்தியானம் அவள் தூக்குச்சட்டியைத் திறந்தால் எனக்கும் ஒரு கை புளிச்சோறு உண்டு. "உங்க வீட்ல உப்பு கம்மியாப் போடுதாகளோ, இப்படி மெலிஞ்சு போனீய?" என்று கிண்டல் செய்வாள். இப்போது வாய்தா தேதி செல்போனில் வந்துவிடுகிறது. யாரும் மரத்தடியில் உட்கார்வதில்லை. எனக்கு அந்த மரத்தடி வேண்டும்.

ஐந்தாம் வருஷம் அவளுடைய குறுக்கு விசாரணைக்குத் தேதி வைத்தார்கள். கடைசி வாய்ப்பு என்று நீதிபதி குறித்துவிட்டார். "தலை போனாலும் வந்திரணும்" என்று நான் பத்துத் தடவை சொன்னேன். அன்று டவாலி மூன்று தரம் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தங்கள் தரப்பு தயார் என்றார். வாதி வராததால் வழக்கு தள்ளுபடி. ஐந்து வருஷம் ஒரு நிமிஷத்தில் போயிற்று.

மூன்றாம் நாள் வந்து நின்றாள். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"கருத்தம்மா அக்கா போய்ட்டாகய்யா" என்றாள்.

கருத்தம்மாள் அவளுடைய ஓரகத்தி. தங்கப்பாண்டியனின் தாய்.

"சாவு அவன் வீட்டுல. உனக்கு கோர்ட்டு இருந்துச்சுல்ல?"

"அவனே கோர்ட்டுக்கு வரலையே. எதிராளி வீட்டுல பொணம் கெடக்கையில எப்படிய்யா கேஸ் நடக்கும்? ஓரகத்தி நான் குளிப்பாட்டாம வேற யாரு குளிப்பாட்டுவா?"

எதிராளி வீட்டில் துக்கம் என்றால் கோர்ட்டும் நின்றுவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். அவனும் அப்படித்தான் நம்பியிருக்கிறான். தாய் செத்ததைத் தன் வக்கீலுக்குச் சொல்லக்கூட இல்லை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முப்பது நாளுக்குள் மனு போட்டால் வழக்கை மறுபடி எடுப்பார்கள். இறப்புச் சான்றிதழோடு போட்டோம், எடுத்தார்கள். மனு எழுத விவரம் கேட்டபோதுதான் அவள் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். பங்காளிகளுக்கான இடுகாடு ஓடைக்கரையில், அவள் தோப்பையும் தாண்டி இருக்கிறது. ஒற்றையடி வரப்பில் பாடை போகாது. தங்கப்பாண்டியனே அரிவாளை எடுத்து முள்ளை வெட்டித் தள்ளி, அந்தப் பாதையில்தான் தாயைத் தூக்கிப்போயிருக்கிறான். பதினாறாம் நாள் முடிந்ததும் திரும்ப வேலி போட்டுவிட்டான்.

நான் துள்ளிக் குதித்தேன். "இது போதும்மா! இதை வக்கீல் ஒரு கேள்வி கேட்டா அவன் காலி!"

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாய்யா. அக்கா பாடையக் கோர்ட்டுக்கு இழுக்காதீய."

"தோத்துப்போவ."

"தோத்தா தலைச்சுமைதான? சுமந்துட்டுப் போறேன்."

வக்கீலிடமும் போய் அதையே சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தாள். எனக்கு ஒரு வாரம் அவளிடம் பேசப் பிடிக்கவில்லை. அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. கழுத்து வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டுதான் கோர்ட்டுக்கே வருவாள்.

கொரோனா வந்து இரண்டு வருஷத்தைத் தின்றது. அவளுடைய விசாரணை முடிந்து, 2022இல் தங்கப்பாண்டியன் கூண்டில் ஏறினான். எங்கள் வக்கீல் வாக்குக் கொடுத்தபடி சாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிலத்தின் அளவு, வரைபடம் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவன் தன் வக்கீல் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நான் கேஸ் கட்டை மடிக்க ஆரம்பித்தேன். கடைசியாக, கேட்கவேண்டுமே என்று கேட்டார்:

"அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் பாதை இருந்ததில்லை என்கிறீர்கள்?"

அவன் வாயைத் திறந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னம்மாவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி அம்மா, "பதில் சொல்லுங்க" என்றார்.

"இருந்துச்சுங்கம்மா."

அவனுடைய வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"எங்க ஆத்தாளை அது வழியாத்தான் தூக்கிட்டுப் போனேன். பாதை இல்லைன்னு சொன்னா, ஆத்தா எது வழியாப் போனா?" என்றான்.

பாதை வெள்ளைத்தாய்க்கு உண்டு என்று தீர்ப்பு எழுதி வர இன்னும் நாலு மாதம் ஆயிற்று. அவன் அப்பீல் போகவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பு நாள் நினைவிலேயே இல்லை. அவன் அதைச் சொன்ன நிமிஷத்தில், எட்டு வருஷமாகக் கோர்ட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வெள்ளைத்தாய், "யக்கா!" என்று சாவு வீட்டில் அழுவது போலக் குரலெடுத்து அழுதாள். டவாலி அதட்டப் போனார். நீதிபதி அம்மா கையைக் காட்டித் தடுத்தார். தங்கப்பாண்டியன் கூண்டின் கட்டையைப் பிடித்தபடி, "அழாத சின்னம்மா" என்று சொல்லிச் சொல்லி அவனும் அழுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட ஐந்து நிமிஷம் ஆயிற்று.