சாக்பீஸ் கோட்டுக்குள் ஐந்து பேர்

என் அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். அதன் பழியை, அந்த நேரம் அடுக்களையில் எங்களுக்காகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் மேல் போட்டேன். பொய்க்குக் காரணமான கூடாரம் எப்போதோ கிழிந்து போயிற்று. அதை வாங்குவதற்கு முன்பு, எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு ஹாலின் சிவப்புத் தரையில் அக்கா சாக்பீஸால் போட்ட கோடுகள் மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தொழிற்சாலை அதிகாரிகள் சிலர் சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு காவிரிக் கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கத் தொடங்கினார்கள். என்னையும் அழைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு கூடாரம் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. என் வீட்டில் நான், மனைவி, மகன், மகள், அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு முன்பே அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். பொறியாளர்கள் பென்சிலில் போடும் வரைபடங்களை மெல்லிய தாளில் மையால் நகலெடுக்கும் டிரேஸர் வேலை. பொறியாளனாக நான் ஒப்புதல் கையெழுத்திடும் பல படங்கள் அவள் கையால் வந்தவைதான். பயணம் என்றதும் பிள்ளைகளுக்கு முன்னால் அவள்தான் கிளம்பினாள். அன்று மாலையே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி வந்துவிட்டாள்.

கூடாரத்தின் அளவை அவள் படம் போட்டே முடிவு செய்தாள். நாற்காலிகளை ஓரம் தள்ளி, தரையில் கட்டம் வரைந்தாள். அதை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினாள். என் பட்டையில் 'குண்டன்' என்று இருந்தது. குழந்தையிலிருந்தே அவள் எனக்கு வைத்த பெயர்.

"டேய் குண்டா, வந்து படு. உனக்கு மட்டும் ரெண்டு இஞ்சு கூட போட்டிருக்கேன்."

"இவரை நடுவுல போட்டா நாமெல்லாம் வெளியதான் அண்ணி," என்றாள் மனைவி. அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஐந்து பேரும் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தோம். சுவர் ஓரம் அக்காவின் இடம்.

"சக்கத்தா, ஜோரா இருக்குது பாரு. பத்துக்கு எட்டு. அதுக்குக் கொறைச்சலா வாங்கினு வந்துடாத. மழைல துணி மேல கை பட்டா, பட்ட எடத்துல தண்ணி உள்ள வரும். சைடுல எடம் வேணும்."

கோட்டுக்குள் படுத்தபடியே நான் நடக்கப்போவதை எண்ணிப் பார்த்தேன். ஆற்றங்கரையில் என் மேலதிகாரியின் மனைவி எதிரே அக்கா "டேய் குண்டா" என்று கூப்பிடுவாள். கன்னடமும் தமிழும் கலந்து உரக்கச் சிரிப்பாள். டிரேஸர் அம்மா என் உடன்பிறந்தவள் என்று தெரிந்தவர்கள்கூட அன்று அதை நேரில் பார்ப்பார்கள். நான் வெட்கப்பட்டேன். வேறு நல்ல சொல் எதுவும் இதற்கு இல்லை.

சிவாஜி நகர் பக்கம் ஒரு கடையில் இரண்டு கூடாரங்கள் இருந்தன. பெரியதை வாசலிலேயே விரித்து வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தேன், பத்துக்கு எட்டு. நான் கை வைத்தது ஏழடிச் சதுரமான சின்னதில். கடைக்காரர் நல்ல மனிதர்.

"சார், பொட்டில நாலு பேர்னு போட்டிருந்தா மூணுன்னு எடுத்துக்கங்க. பை, செருப்பெல்லாம் தலை மேலயா வெப்பீங்க? வீட்ல எத்தினி பேரு?"

"நாலு," என்றேன். தடுமாறாமல் சொன்னேன்.

மறுநாள் காலை அக்கா அதைப் பிரித்துக் கோடுகளின் மேல் விரித்தாள். சுவர்ப் பக்கம் மூன்றடித் தரை மிச்சம். அதில் அவள் பெயர் வெளியே நின்றது.

"பெரிசு இல்லையாடா?"

"ஸ்டாக் இல்லையாம்."

"வேற கடைலேருந்து எடுத்துத் தருவாங்க. பில்லக் குடு, நானே போய் மாத்தினு வரேன்." சொல்லும்போதே செருப்பை மாட்டிவிட்டாள்.

பில் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் போனால் வாசலில் நிற்கும் பெரிய கூடாரத்தைப் பார்ப்பாள். 'உங்க தம்பிதான் நாலு பேர்னு சொன்னார்' என்பார் கடைக்காரர். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தினேன்.

"வேணாங்கா. அவதான்... நாம நாலு பேர் மட்டும் போலாம்னு சொல்றா. நான் என்ன பண்றது?"

அக்கா அடுக்களையைப் பார்த்தாள். "அண்ணி, தோசை ஆறுது, வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா செருப்பைக் கழற்றினாள். ஈரத்துணி எடுத்துவந்து, மண்டியிட்டு, எல்லாக் கோடுகளையும் துடைத்தாள்.

"எனக்கு முட்டி வேற வலிக்குது. நீங்க போய்ட்டு வாங்க."

போனோம். பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. நெருக்கத்தில் மகளின் முழங்கை துணியில் பட்ட இடமெல்லாம், அக்கா சொன்னபடியே, தண்ணீர் உள்ளே வந்தது. அந்த வெள்ளை ஷூவை அக்கா ஒரு நாளும் போட்டு நான் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் அல்சூரில் ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். "அண்ணிக்கு என் மேல என்ன கோவம்?" என்று மனைவி கேட்டபோதெல்லாம், "வயசாகுதில்ல," என்றேன். அக்கா தீபாவளிக்கு வருவாள். என் மனைவி நீட்டும் காப்பியை, "குடிச்சிட்டுத்தாம்மா வந்தேன்," என்று மறுப்பாள். பத்து வருடம் இப்படிப் போயிற்று.

நான் ஓய்வு பெற்ற ஆண்டின் தீபாவளியன்று, அந்த ஆறிய காப்பியைத் தொட்டியில் கொட்டிவிட்டு மனைவி அழுதாள். அந்த வாரமே பத்துக்கு எட்டு அளவில் ஒரு கூடாரம் வாங்கினேன். மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் அல்சூர் போனேன். மொட்டைமாடியில் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னேன்: "கடையில பெரிசு இருந்துச்சு. நான்தான் வீட்ல நாலு பேர்னு சொன்னேன். இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆபீசருங்க முன்னாடி நீ வர்றது எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இத்தினி வருஷமா நீ என்னை ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீங்க ஒரு தடவ திட்டியிருக்கலாமே அண்ணி."

 பிறகு அக்கா, "உள்ள டிகாக்ஷன் இருக்குது. நீயே கலந்து எடுத்துனு வா," என்றாள். இருவரும் குடித்தார்கள். மனைவி என்னோடு பேசத் தொடங்க இரண்டு மாதம் ஆனது.

அன்று கூடாரத்தை விரிக்கும் முன், அக்கா ஒரு சாக்பீஸ் எடுத்தாள். மாடித் தரையில் கட்டம் போட்டு மூன்றாகப் பிரித்தாள்; பிள்ளைகள் அப்போது வெளியூரில் இருந்தார்கள். நடுவில் மனைவியின் செல்லப் பெயர், சுவர் ஓரம் தன் பெயர். மூன்றாவதில் என் முழுப் பெயரை இனிஷியலோடு எழுதினாள். தொழிற்சாலைப் படங்களின் மூலையில், ஒப்புதல் அளித்தவர் என்ற கட்டத்தில் எழுதுவாளே, அதே நிமிர்ந்த எழுத்து. மூன்று பட்டையும் ஒரே அகலம்.

அதன் பிறகு மூவருமாக மூன்று முறை ஆற்றங்கரைக்குப் போய்வந்தோம். இப்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாயிறுதோறும் வருகிறாள். சிவப்புத் தரைக்கு மேல் டைல்ஸ் போட்டாயிற்று. அவளும் என் மனைவியும் அங்கே நாற்காலி போட்டுக் காப்பி குடித்துச் சிரிக்கிறார்கள். என் ரத்த அழுத்தத்தை விசாரிக்கிறாள், மாத்திரையை நினைவுபடுத்துகிறாள். கோபம் இல்லை. 'தம்பி' என்று கூப்பிடுகிறாள். வெட்கப்பட வைக்க எதிரே எந்த அதிகாரியும் இல்லாத இந்த வீட்டில், அந்தப் பழைய பெயர் ஒரு முறை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் நாற்காலி போட்டிருக்கும் இடத்தில்தான், மற்றவர்களைவிட இரண்டு அங்குலம் அகலமாக, எனக்கு ஓர் இடம் இருந்தது.