மாமாவின் மலைத் திட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைப்பவர். அந்தரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே கொட்டாவி விடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்தக் கோடையில் கிடைத்தது. கடற்கரைக்குப் போகலாம் என்றாள் அக்கா. மாமாவோ பெரிய மலைகளுக்குப் போய்ப் பாறை ஏற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது அவருடைய நெடுநாள் ஆசை.

அன்று முதல் வீடு வீடாக இல்லை. மேசை முழுக்க வரைபடம், சோபாவில் கயிறு. நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டுக் காட்டுவார், அவிழ்க்க மறந்துவிடுவார். நான் ஒருமுறை நாற்காலியை இழுக்க, மேசை விளக்கும் கூடவே வந்தது.

"எனக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. உங்க அக்காவ எப்படி ஏத்தறதுங்கறதுதான் கவலை," என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அவர்களுடைய பயிற்சிக் கூடத்தில் செயற்கைப் பாறைச் சுவர் ஒன்று உண்டு. அதன் உச்சியில் இருக்கும் மணியை அடித்துவிட்டு ஒழுங்காக இறங்கினால்தான் பயணத்தில் இடம். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

மாமா இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு பயிற்சி தரும் பெண்ணிடம் பணிவாகக் கேட்டார்: "மேல போக லிஃப்ட் எங்கம்மா இருக்கு?"

கேலி என்று நினைத்து அவள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போவார், கயிற்றைக் கட்டுவார், துடைத்துக்கொண்டே இறங்குவார். இத்தனை வருடத்தில் மனிதர் ஒருநாளும் மேலே ஏறியதே இல்லை.

பாதிச் சுவர் ஏறுவதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. எதிரே தெரிந்த தூசியைக் கை தானாகத் துடைக்கப் போக, பிடி நழுவித் தொங்கினார்.

அடுத்து அக்கா. மாவு பிசைந்த விரல்கள், உடும்புப் பிடி. மளமளவென்று ஏறி மணியை அடித்தாள். பிறகு கீழே பார்த்துத் தொலைத்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது. கைய விடமாட்டேன்."

மாமா சுவரடிக்கு ஓடினார். "கீழ பாக்காத. பின்னாடி சாஞ்சு உக்காரு. நம்ம வீட்டு நாற்காலின்னு நெனச்சுக்கோ."

"அதத்தான் கட்டிப் போட்டுட்டீங்களே."

"அதான் சொல்றேன். கட்டினது விழாது. உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல, சுவரில் நடந்தே இறங்கி வந்தாள்.

"அவங்க வரலாம். நீங்கதான் இன்னும் ஏறிக் காட்டணும் சார்," என்றாள் பயிற்சிப் பெண். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

"அவர் இல்லாம நான் எந்த மலைக்குப் போறது?" என்றாள் அக்கா. அவரிடம் திரும்பி, "நாளையிலிருந்து வீட்டு மாவ நீங்கதான் பிசையறீங்க," என்றாள்.

பிசைந்தார். சுவரிலும் விழுந்து விழுந்து ஏறிப் பழகினார். பயணத்துக்கு ஆள் சேர்க்கும் கடைசி நாளன்று, கயிற்றின் மறுமுனை அக்கா கையில் இருக்க, முக்கி முனகி உச்சியைத் தொட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அடிங்க," என்று கீழேயிருந்து அக்கா கத்தினாள்.

மாமா சட்டைக் கையை இழுத்துவிட்டு மணியைப் பளபளவென்று துடைத்தார். அப்புறம்தான் அடித்தார்.