பெயர் வரும் இடம்

லெப்பை தாஹாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். நீராவிக் கப்பல் ஊதினால் கையிலிருக்கும் சோறு தட்டில் விழும். இப்படிப்பட்ட மனுஷனைத்தான் செலாபுங் தீவுக்காரர்கள் முப்பத்தோரு வருஷமாக வெள்ளிதோறும் பள்ளிவாசல் மிம்பர் மேடையில் ஏற்றி, ரியாவ் சுல்தானின் பெயர் சொல்லி இறைவனிடம் துஆக் கேட்க வைத்தார்கள். வேறு காரணமில்லை. அவருடைய அப்பா வெள்ளிப் பிரசங்கம் செய்யும் கத்தீப், அப்பாவின் அப்பா கத்தீப். அந்த வீட்டுக்கு வாய்த்த குரல் அது. நடுங்கிக்கொண்டு ஓதினாலும் கடைசி வரிசைவரை கேட்கும்.

முன்னோர் காலத்தில் சுல்தான் பெயரைச் சொல்லும்போதே நெஞ்சு நிமிருமாம். புகிஸ் இனத்து வீரர்கள் கப்பல் கப்பலாக வந்து இந்தக் கடலைக் காத்துக் கொடுத்தார்கள். நீரிணையில் போகிற சரக்குக் கப்பல் ரியாவில் நங்கூரம் போடாமல் போனதில்லை. பிறகு இங்கிலீஷ்காரனும் ஒல்லாந்துக்காரனும் எங்கேயோ உட்கார்ந்து கடலில் கோடு கிழித்தார்கள். ஜொகூரும் சிங்கப்பூரும் அந்தப் பக்கம் போயின. இந்தப் பக்கம் தீவுகள் மிஞ்சின. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சுல்தானும் ஒல்லாந்துக்காரன் நீட்டிய காகிதத்தில் முத்திரை வைத்தார். ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு துண்டு கைவிட்டுப் போனது. தாஹா மிம்பர் ஏறிய காலத்தில் முழுசாக இருந்தது சுல்தானின் பெயர் மட்டும்தான்.

அதற்கும் வேளை வந்தது. யாருடைய கொடி மேலே பறப்பது என்ற தகராறு முற்றி, ஒரு காலையில் ஒல்லாந்துப் போர்க்கப்பல்கள் அரண்மனைத் தீவைச் சூழ்ந்தன. சுல்தான் இனி சுல்தான் இல்லை என்று ஒரு காகிதத்தை வாசித்தார்கள். கொடியை இறக்கினார்கள். சுல்தான் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஊர்த்தலைவர் ஜலில் வந்தார். தாஹாவின் மனைவி மைமூனுக்கு மூத்த அண்ணன். வந்தவர் வெற்றிலையைத் தொடவில்லை.

"மச்சான், வெள்ளிக்கிழமை அந்தப் பேரு வேணாம். ஒல்லாந்துத் தொரை ஆளு அனுப்பியிருக்காரு. சொன்னவனக் கப்பல்ல ஏத்தி எங்கயோ கொண்டுபோய் விட்டுருவாங்களாம்."

தாஹா அவரையே பார்த்தார்.

"இப்படி முழிக்காத. ஒனக்குக் கொரலு பெருசு, கொடலு சின்னது, எனக்குத் தெரியாதா? சும்மா வாய மூடிக்கிட்டுத் தாண்டிப் போயிரு."

தாஹா சரி என்றார். மறுநாள் போங்சு வந்தான். அரசப் படகில் வருஷக்கணக்காகத் துடுப்புப் போட்டவன். இடுப்பில் எப்போதும் இருக்கிற கிரிஸ் கத்திதான், ஆனால் அன்றைக்குத்தான் தாஹா அதைச் சரியாகப் பார்த்தார்.

"பேரு இல்லாத ஜும்ஆத் தொழுக ஜும்ஆவே இல்ல லெப்பை. முழுங்கிட்டு எறங்குனீங்கன்னா, படிக்கட்டுக்குக் கீழ நான் நிப்பேன்."

தாஹா அவனிடமும் சரி என்றார். இரண்டு பேரிடமும் சரி சொன்னதை மைமூனிடம் சொன்னபோது, அவள் மீனைத் திருப்பிப் போட்டபடி, "ஒங்களுக்கு ரெண்டு கழுத்தா இருக்கு?" என்று கேட்டாள். வியாழக்கிழமை முழுவதும் அவருக்கு வயிற்றுப்போக்கு.

வெள்ளியன்று துரை இருக்கும் தஞ்சோங் பினாங்கிலிருந்து ஒரு படகு வந்தது. இறங்கியவன் துரையின் குமாஸ்தா. சுமத்ராக்காரன், தொழுகிறவன்தான். கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு முதல் வரிசையில் ஜலிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மிம்பர் படிக்கட்டின் ஓரமாகப் போங்சு.

முதல் குத்பா உரை முடிந்தது. தாஹா உட்கார்ந்து, எழுந்து, கையிலிருந்த கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கினார். எல்லா முஸ்லிம்களுக்கும் துஆக் கேட்டார். ஆமீன் என்றார்கள். அடுத்ததுதான் அந்த வாக்கியம். "யா அல்லாஹ், எங்கள் சுல்தானை" என்பதுவரை வாய் தானாகப் போய்விட்டது. அதற்கு மேல் பெயர். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தார். போங்சுவின் இடுப்பைப் பார்த்தார். சொல்வதா, விடுவதா என்று அவர் முடிவு செய்யவே இல்லை. கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

பெயர் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பள்ளி அமைதியாக இருந்தது.

"ஆமீன்" என்றது ஒரு குரல்.

ஜலில். வேண்டாம் என்று சொல்ல வந்த அதே ஜலில். முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் அந்த இடம் வந்ததும் வாய் திறந்துவிட்டது. அவர் பின்னால் பள்ளி முழுக்க ஆமீன் என்றது. என்றைக்கும் இல்லாத சத்தம். குமாஸ்தாவின் உதடும் அசைந்ததைத் தாஹா பார்த்தார். ஜலில் அதற்குள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிந்ததும் போங்சு அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான். குமாஸ்தா நெருங்கி வந்தான்.

"நீங்க பேரு சொல்லல. நான் கேட்டேன். அப்போ அவங்க எதுக்கு ஆமீன் சொன்னாங்க?"

"தெரியல."

"மொதல்ல சொன்னது யாரு?"

"நான் கண்ண மூடியிருந்தேன்" என்றார் தாஹா. பொய். குமாஸ்தாவுக்கும் தெரியும். ஜலில் அவன் தோளுக்கு ஒட்டித்தானே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை படகு வந்து ஜலிலை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே, எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. மைமூன் கரையில் நின்று படகு மறையும்வரை பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளி தாஹா அதே இடத்தில் நிறுத்தினார். இந்த முறை தெரிந்தே நிறுத்தினார். யாராவது சொல்வார்கள் என்று நினைத்தார். முதல் வரிசையில் குமாஸ்தா இருந்தான். ஜலிலின் இடம் காலி. போங்சு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கு வெளியே அலை அடிப்பது கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மைமூன் கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"நிறுத்துனேன்."

"அவுங்க?"

"ஒருத்தரும் சொல்லல."

"எங்கண்ணன் ஒருத்தன்தான் கெடச்சான்" என்றாள்.

அதற்கடுத்த வெள்ளியிலிருந்து தாஹா அங்கே நிறுத்தவில்லை. முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் ஒட்டி ஒரே மூச்சில் ஓதிக் கடந்துவிடுவார். இரண்டு வருஷத்தில் ராஜ்ஜியமே இல்லை என்று இன்னொரு காகிதம் வந்தது. அதற்குள் ஜலில் மெலிந்து திரும்பியிருந்தார். முதல் வரிசைக்கு வரவில்லை. கடைசியில், தூணோரமாக, குத்பா முடியும்வரை வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.