மூளையுள்ளவனுக்குக் காணி

நேற்றுச் சந்தையில் ஒரு கடைக்காரப் பெடியன் செத்தல் மிளகாய்ச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினான். எனக்குத் தும்மல் வந்தது பாருங்கள், நிற்கவே இல்லை. பாவம், பயந்துபோய்ச் சோடா உடைத்துத் தந்தான். அந்தக் காரம் மூக்கில் ஏறினால் நான் கிளிநொச்சியில்தான் போய் நிற்பேன், அது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் காணி பெற்றவர். நெல்லை விட மிளகாயில்தான் காசு. வெளிநாட்டு மிளகாய் நாட்டுக்குள் வராத காலம் அது. பரந்தன் சந்தியில் லொறிக்கு மூட்டை ஏற்றப் போனவர்கள் திரும்பும்போது ஒருவர் ரேடியோவோடு வருவார், இன்னொருவர் புது மோட்டார் சைக்கிளில் வருவார். எங்கள் வாத்தியார் மட்டும் அதே பழைய சைக்கிளில் வந்து போவார். அவருக்கும் மிளகாய் நட ஆசை இருந்ததாக ஊரில் கதை.

அரசாங்கம் தந்த காணியைத் துண்டு போட முடியாது, ஒரு பிள்ளைக்குத்தான் எழுதலாம் என்பது சட்டம். நாங்கள் இரண்டு பேர். அண்ணாவுக்குக் கணக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ ஏழாம் வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். எழுபத்தேழின் தொடக்கத்தில் வாத்தியார் வீடு தேடி வந்து, மூத்தவன் எஞ்சினியராக வரக்கூடியவன், மறித்துவிடாதீர்கள் என்று சொன்னார். ஐயா தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாத்தியார் படலையைத் தாண்டியதும் ஐயா அம்மாவிடம் சொன்னதுதான் எங்கள் இருவரின் தலையெழுத்து.

“மூளையுள்ளவனுக்குக் காணியைக் குடுப்பம். சின்னவன் பாவம், அவன் படிக்கட்டும். வேற என்ன செய்யிறது?”

சிரிக்காதீர்கள். அந்த நாளில் எங்கள் திட்டத்தில் எந்தத் தகப்பனைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். கையில் இருந்த நல்லதை நல்ல பிள்ளைக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சோதனைக்கு இருக்காமலே அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டார். எனக்கென்றால் சரியான பொறாமை. அவருக்குப் புது இறைப்பு மெசின், எனக்கு வாய்ப்பாடு!

பின்னேரங்களில் அண்ணா பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றிவிடுவார். நான் வரம்பில் குந்தியிருந்து கணக்கை உரத்து வாசிப்பேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே விடை சொல்லிவிடுவார். அதை எழுதிக்கொண்டு ஓடப் பார்த்தால் விடமாட்டார்.

“வழி எழுதாட்டிப் புள்ளி போடமாட்டினம். இருந்து செய்.”

அப்படித்தான் நான் சோதனை பாஸ் பண்ணினேன்.

அண்ணா பள்ளிக்கூடத்தை விட்ட அதே வருடம் ஆட்சி மாறியது. பிறகு புது அரசாங்கம் கதவைத் திறந்துவிட, கப்பல் கப்பலாக வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது. எங்கள் மூட்டைகளை ஏற்ற லொறிக்காரருக்கு மனமில்லாமல் போய்விட்டது. அண்ணா வெங்காயம் நட்டார், திரும்பவும் நெல் விதைத்தார், ஒன்றும் நிமிரவில்லை. ஐயா அந்தக் கவலையோடேயே போய்ச் சேர்ந்தார். நான் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராகி வவுனியாவில் மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் சண்டை வந்தபோது, அண்ணா காணியை விட்டுவிட்டு ஒரு பையோடு என் வாடகை வீட்டுக்கு வந்தார். படித்ததை நான் போகிற இடமெல்லாம் கொண்டுபோனேன். மூன்று ஏக்கரை அவர் எப்படித் தூக்கி வருவார்?

நான் வேலை செய்த கந்தோரில் காவலாளி வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மேல் எதற்குப் போவதென்றாலும் சோதனை பாஸ் கேட்டார்கள். கந்தோர்ப் பெரியவரிடம் நான்தான் கெஞ்சி எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் காலை, என் பழைய சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது அண்ணா மெதுவாகச் சொன்னார்.

“கந்தோரில நான் உன்னைச் சேர் எண்டுதான் கூப்பிடுவன். நீ ஒண்டும் கதைக்காதை.”

அங்கே சேர், வீட்டுக்கு வந்தால் டேய். கொஞ்ச மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் என் மனைவியிடம், “சேர் சாப்பிட்டிட்டாரோ?” என்று கேட்டுவிட்டார். வாய் தவறித்தான் வந்தது. எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னை டேய் என்று கூப்பிட்டதே இல்லை. இப்போது கூப்பிட அவரும் இல்லை.