கிரந்தியா, ஒவ்வாமையா?

போன கிழமை முழுக்க எனக்குத் தலை சுற்றல். காரணம் ஒரு படிவம்... ஒரே ஒரு பக்கம்தான்.

இறுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சுகந்தி சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடையை மட்டும் நம்பி ஓட ஏலாத நிலை. நல்ல காலமாக, முதியோர் இல்லமொன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு இவரைக் கேட்டது. பன்னிரண்டு பேர். எல்லாரும் எழுபது தாண்டியவர்கள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து குசினியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். திருப்தி. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு, வயதான உடம்பு தாங்காது என்றார். யார் யாருக்கு என்ன ஒவ்வாமை என்று எழுதித் தந்தால்தான் அனுமதிக் கடிதமாம்.

“அண்ணை, பேப்பரில எழுதுறனீங்கள்தானே, இதையும் எழுதித் தாங்கோ” என்று சுகந்தி படிவத்தை என்னிடம் தந்தார்.

பத்தி எழுதுகிறவன் படிவமும் எழுதுவான் என்று யார் சொன்னது? ஆனாலும் இல்லத்துக்குப் போனேன்.

ஒவ்வாமை என்றால் அங்கே எத்தனை பேருக்கு விளங்கும்? நான் கெட்டிக்காரன் அல்லவா... “என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது?” என்று கேட்டேன். அங்கேதான் பிழைத்தது.

கத்தரிக்காய் கிரந்தி, தின்றால் உடம்பெல்லாம் கடிக்கும், சொறியவைக்கும் என்றார் முதல் கதிரையில் இருந்த அம்மா. உருளைக்கிழங்கு வாய்வு என்றார் அடுத்தவர். பூசணிக்காய் குளிர். மாம்பழம் சூடு. தயிர் சளி. சூரை மீன் கிரந்தி, நண்டு கிரந்தி, றால் கிரந்தி. ஓர் ஐயாவுக்கு மருமகள் சமைத்தது எதுவுமே ஒத்துக்கொள்ளாதாம் — அதையும் எழுதினேன்.

சுகந்தி பட்டியலை வாசித்தார்.

“அண்ணை, இனிச் சோறும் சுடுதண்ணியும்தான். சோத்துக்கும் ஒராள் சீனி வருத்தம் எண்டிருக்கிறார்.”

என்ன செய்வது? இதெல்லாம் பழைய ஆட்களின் பத்தியம், ஒவ்வாமை இல்லை என்று நினைத்து, கிரந்தி, வாய்வு, சூடு, குளிர், சளி, மருமகள் வரை எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டி முடிய ஒன்றும் மிஞ்சவில்லை. ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

பரிசோதகர் நம்பவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருக்குமா இல்லை என்று, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்கே போனார். அவர் கேட்ட கேள்வி வேறு: சாப்பிட்ட பிறகு என்ன நடந்தது?

கத்தரிக்காய் அம்மா யோசித்தார். தாய் தின்ன விட்டதில்லையாம், அதனால் தெரியாதாம். மற்றவர்களும் அப்படித்தான் இழுத்தார்கள். கடைசியாக ஞானம்மா. நெடுந்தீவுக்காரி.

“றால் திண்டாத் தொண்டை அடைக்கும் தம்பி. ஒருக்கா மூச்சு நிண்டுபோய், வள்ளத்தில ஆசுப்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு வந்தவை.”

“ஏனம்மா, இந்த அண்ணைக்குச் சொல்லேல்லையோ?” என்று கேட்டார் பரிசோதகர்.

“சொன்னனான். கிரந்தி எண்டு சொன்னனான். அவரும் எழுதினவர்தானே.”

ஓம், எழுதினேன். பிறகு வெட்டினேன்.

சுகந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. “என்ர சம்பலில கூனி றால் இடிச்சுப் போடுறனான், அண்ணை” என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

கிரந்தி என்ற ஒரே சொல்லுக்குள் பழக்கமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, உயிர் போகிற விஷயமும் இருக்கிறது. எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? சத்தியமாக எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

ஞானம்மாவின் பெயருக்கு நேரே றால் என்று எழுதி, படிவம் திரும்பப் போனது. சுகந்திக்குக் கடிதம் கிடைத்தது. இப்போது இல்லத்துக்குப் போகிற சம்பலில் கூனி இல்லை.

நேற்று அந்தப் பக்கம் போனபோது ஞானம்மா என்னைக் கூப்பிட்டார். “சம்பல் சப்பெண்டு கிடக்கு. சுகந்தியிட்டச் சொல்லிவிடும்.”

சொல்லிவிட்டேன் — ஒரு சொல்லும் வெட்டாமல்.