காது வெட்டிய ஆடு

வாணியம்பாடியில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு பக்ரீதுக்கும் குர்பானியாக ஒரு மாடு அறுப்போம். மாட்டுக்கு ஏழு பங்கு, பங்குக்கு ஒரு பேர். அத்தா பேர், அம்மா பேர், அண்ணன்கள் பேர், என் பேர், மீதி இருந்தால் மவுத்தாகிப்போன பெரியப்பாவுக்கு ஒன்று. பெரியப்பா உயிரோடிருந்த காலத்தில் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர் இல்லை. அவருக்கே பங்கு உண்டு. கடைசி மருமகளாக வந்த என் மனைவிக்கு மட்டும் முறை வரவேயில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார் அம்மா. அம்மாவின் அடுத்த வருஷங்கள் எல்லாமே அப்படித்தான், வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது.

அவள் அதற்காகச் சண்டை போட்டதில்லை. குர்பானி கொடுக்க அவளுக்குக் கடமையும் இல்லை, அந்த அளவு வசதி அவள் கையில் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் ஆசை இருந்தது. "கத்தி வைக்கறதுக்கு முன்னால இன்னார் பேர்லன்னு சொல்றாங்க இல்ல, அப்ப ஒரு தடவ என் பேரக் கேக்கணுங்க" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். நான் சிரித்தேன். நகை கேட்காமல் இதைக் கேட்கிறாளே என்று நினைத்தேன்.

அண்ணன்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலைக்கு ஏறிவிட்டேன். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வேண்டும், மலையில் கடுக்காய் கிடைக்கும், இடையில் நின்று வாங்கி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். நெல்லிவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரில் கூரை வீடு. சுற்றிலும் சாமை கொல்லை, புளிய மரம். அந்த ஊருக்கே நாங்கள் ஒரே பாய் வீடு. மழைக் குளிரில் அவளுக்கு இருமல் பிடித்தது. இருமலோடு ரத்தம் வந்தபோதுதான் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனேன். சயரோகம், முற்றிவிட்டது என்றார்கள். கழுத்துக் கருகமணியில் கோத்திருந்த பொன் மணி வரை விற்று ஊசி போட்டோம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

மிச்சமிருந்த ஒரே பொருள் அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த செப்புக் குடம். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கவுண்டரிடம் கொடுத்து ஓர் ஆட்டுக்குட்டி வாங்கிவந்தாள். என்னிடம் கேட்கவே இல்லை. கறுப்புக் கிடாக்குட்டி, நெற்றியில் வெள்ளை.

"இன்னாத்துக்கு இது?" என்றேன்.

"குர்பானிக்கு. என் பேர்ல. அதுக்குன்னு நெனச்சுத்தான் வாங்கியாந்தேன்."

கிடாவுக்கு ஒரு வயது நிறைய வேண்டும். கண், கால், கொம்பு, காது எதிலும் குறை இருக்கக் கூடாது. அடுத்த பக்ரீதுக்கு வயது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருந்தாள். தான் அதுவரை இருப்போமா என்ற கணக்கையும் போட்டிருப்பாள், என்னிடம் சொல்லவில்லை. ஆட்டுக்கு உடம்பு ஏற ஏற அவளுக்கு இறங்கியது. பகலில் கவுண்டர் தன் மந்தையோடு அதையும் ஓட்டிப்போவார். சாயங்காலம் அது நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். படுத்தபடியே அதற்கு அகத்திக் கீரை நீட்டுவாள். என்னைப் பார்த்துக்கூட அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமை என்றுகூடச் சொல்லலாம்.

கவுண்டர் நல்ல மனிதர். என்னை "பாயி" என்பார், அவளைப் "பாயம்மா" என்பார். அது எங்கள் சாமிக்கான கிடா என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கிடாவைக் குச்சியால் தொட்டதுகூட இல்லை. புது அருகம்புல் கண்ட இடத்தில் முதலில் அதைத்தான் விடுவார்.

பக்ரீது நெருங்கினால் கீழேயிருந்து ஆட்டு வியாபாரிகள் ஜீப்பில் மலைக்கு வருவார்கள். அந்த ஐப்பசியிலும் வந்தார்கள். ஒரே நாளில் நாலைந்து ஊர் மந்தைகளைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்று கடுக்காய் மூட்டையோடு கீழே போயிருந்தேன். மறுநாள் மழையில் நனைந்துகொண்டு வந்தால், வீட்டு வாசலில் கிடா நிற்கிறது. இடது காதில் பாதியைக் காணோம். வெட்டிய இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. கழுத்தில் ஒரு பூமாலை வேறு.

கவுண்டர் பெருமையாகச் சிரித்துக்கொண்டு வந்தார். "யாவாரிங்க வந்தாங்க பாயி. என் தம்பி தெரியாம இதையும் புடிச்சுக் குடுத்துடப்போறான்னு பயந்துட்டேன். காத வெட்டி வுட்டுட்டேன். இனிமே எவனும் தொடமாட்டான்."

அந்த மலையில் அதுதான் வழக்கம். சாமிக்கு நேர்ந்த கிடாவின் காதை அறுத்து விடுவார்கள். அதைப் பார்த்தால் திருடன்கூட விலகிப் போவான். கீழேயிருந்து வரும் பாய் வியாபாரிகளும் காது வெட்டிய ஆட்டைத் தள்ளிவிட்டுத்தான் வாங்குவார்கள். அதை அவர் வருஷா வருஷம் பார்த்திருக்கிறார். தங்கள் சாமிக்கு அவர்களும் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். காது குறைந்த ஆடு குர்பானிக்கு ஆகாது, அதனால்தான் தள்ளுகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க. ஆட்டக் காப்பாத்தத்தானே செஞ்சாரு." சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினாள்.

கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தால் குர்பானிக்குக் கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எவ்வளவு கொஞ்சம் என்று எனக்குத் தெரியாது. விடிந்ததும் கிடாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஏற்கெனவே ஆட்களும் புளி மூட்டையும் பிதுங்கும் ஜீப். "ஆட்டுக்கும் டிக்கெட்டு உண்டு பாயி" என்று டிரைவர் கிண்டல் பண்ணினான். நான் சிரிக்கவில்லை என்றதும் வண்டியைக் கிளப்பினான்.

திருப்பத்தூரில் எனக்குப் பழக்கமான பள்ளிவாசலுக்குப் போனேன். மார்க்கச் சட்டம் படித்த ஹஜ்ரத் இல்லை, கப்பலில் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். பாங்கு சொல்லும் மோதினார்தான் இருந்தார். பாவம், அவரும் அக்கறையாகத்தான் பார்த்தார். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி நல்ல காதின் நீளத்துக்கு ஒடித்தார். அதை மூன்றாக மடித்தார். ஒரு மடிப்பை வெட்டுப்பட்ட காதின் மேல் வைத்துப் பார்த்தார்.

"மூணுல ஒரு பங்குக்கு மேல போய்டுச்சுங்க. கூடாது."

"வேற வழி எதுவும் இல்லீங்களா? அவ ரொம்ப முடியாம கெடக்கறா."

"சட்டம் அதுதாங்க. வேற நல்ல ஆடாப் பாருங்க."

வேற நல்ல ஆடு. சந்தைக்கும் போய் நின்றேன். அங்கே கட்டியிருந்த ஆடுகளில் பாதி எங்கள் மலையிலிருந்து வந்தவைதான். எதன் விலையும் என் கைக்கு எட்டவில்லை. அண்ணன்களிடம் போயிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். வாணியம்பாடி போய் அவர்களைச் சமாதானம் பண்ணித் திரும்புவதற்குள் இவள் இருப்பாளா என்ற பயத்தில் நான் மலைக்குத்தான் ஓடினேன்.

வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்தாள், மடியில் கிடா இருந்ததைப் பார்த்தாள். "தண்ணி குடிங்க" என்றாள்.

கவுண்டர் வந்தார். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பாதி ராகி மூட்டையைத் தலையில் சுமந்துவந்து இறக்கிவிட்டு, வாசலிலேயே குந்தி அழுதார். "என் மந்தையில இப்ப பெரிய கிடா ஒண்ணுகூட இல்லியே பாயம்மா. எல்லாத்தையும் ஏத்திவுட்டுட்டேனே." பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "எங்க ஆத்தாளுக்கு இத வெட்டட்டுமா? ஒங்க பேரச் சொல்லித்தான் வெட்டுவேன். சத்தமாச் சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் நாங்கள் அறுக்க முடியாது, அது பெரிய பாவம். ஆனாலும் அவள் கண் ஒரு நொடி மினுங்கியதை நான் பார்த்தேன். அவள் பேரைச் சொல்லி அறுக்கட்டுமா என்று வாழ்நாளில் அவளிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"வேணாங்கண்ணா" என்றாள். "நாங்க வேற எங்கயும் குடுக்கக்கூடாது. நீங்க கேட்டீங்களே, அதுவே போதும்."

பக்ரீது அன்று மழை விடவில்லை. அவள் புதுத்துணி கட்டவில்லை. கிடா அவள் கால்மாட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறந்த கொஞ்ச நாளில் அவள் போய்விட்டாள். அடக்கம் பண்ண மலையில் எங்களுக்குக் கபரஸ்தான் கிடையாது. கவுண்டரும் அவர் தம்பியும் ஊர் ஆட்களும் கட்டிலோடு தோளில் தூக்கி, சேற்றில் வழுக்கி வழுக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். கிடாவை நான் கவுண்டரிடமே விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினேன். அது என்ன ஆனது என்று கேட்கவில்லை.

அண்ணன்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷமே அவர்கள் தொழிலைத் திருப்பத்தூருக்கு மாற்றினார்கள், நானும் கூடவே வந்தேன். அடுத்த பக்ரீதுக்கு மாடு வாங்கியபோது அம்மாவே சொன்னார், ஒரு பங்கை அவளுக்குப் போடச் சொல்லி. செத்தவர்கள் பேரில் கொடுக்கலாம், நன்மை போய்ச் சேரும். இதற்கு அவள் சாக வேண்டியிருந்தது என்று எனக்கு வாய் வரை வந்தது. அம்மாவும் அழுதுகொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

மாட்டைச் சாய்த்துக் கட்டியிருந்தோம். ஹஜ்ஜிலிருந்து திரும்பியிருந்த ஹஜ்ரத்தே அறுக்க வந்திருந்தார். பேர்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஏழாவது பேரில் நின்றார். "இது யாரு?" என்றார். என் மனைவி என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல், கிடா, காது, மலை வழக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தியைத் தாழ்த்தினார்.

"வாங்கறப்பவே குர்பானிக்குன்னு நெனச்சுத்தான் வாங்குனாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப காது நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அவங்களுக்கு வசதி ஏதாவது?"

"குடத்தக் குடுத்துத்தாங்க குட்டி வாங்குனா."

"வசதி உள்ளவங்களுக்குத்தான் வேற ஆடு வேணும்" என்றார் ஹஜ்ரத். "ஏழை வாங்குன பெறகு ஆட்டுக்குக் கொற வந்தா, அந்த ஆடே கூடும். அதையே அறுத்திருக்கலாம். யாரு கூடாதுன்னு சொன்னது?"

மோதினார் எனக்கு எதிரில் மாட்டின் பின்னங்கால்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவில்லை. இவர்தான் என்று சொல்லி யாரை எழுப்பப்போகிறேன்?

"அல்லாஹ் அவங்க மனசுல வச்ச நிய்யத்தப் பாத்திருப்பான்" என்றார் ஹஜ்ரத். பிறகு மேற்கே கிப்லாவைப் பார்த்துத் திரும்பி, ஏழு பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பேரையும் தெளிவாக, நிறுத்தி, சத்தமாகச் சொன்னார். நான் கேட்டேன். அம்மா கேட்டார், அண்ணன்கள் கேட்டார்கள், தெருவில் கறிக்காக நின்றவர்கள்கூடக் கேட்டார்கள்.