சாறும் தண்ணியும்

அடுத்த அறையிலிருந்து 'டொப், டொப்' என்று சத்தம் கேட்டது. முகர்ரம் அக்கா முலாம்பழங்களை இரண்டு விரலால் தட்டி, காதை ஒட்டவைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மர்கிலான் ஊர்ச் சந்தையில் அவள் பழம் விற்பதும் இப்படித்தான். விசாரணையில் தேறிய பழத்துக்கு ஒரே பட்டம்: "ஷிரலி!"

சாறு நிறைந்தது என்று பொருள். இனிய குரலையும் நாங்கள் அப்படிச் சொல்வதுண்டு. அக்காவோ ஊர்வம்பு, மாமியார் மருமகள் சண்டை எல்லாவற்றுக்கும் அதே முத்திரையைக் குத்துவாள். ஒரு சாவு வீட்டில், "அழுகைன்னா இதாண்டி அழுகை, என்ன ஷிரலி!" என்று என் விலாவில் இடித்தவள் அவள்.

அன்று தாஷ்கந்திலிருந்து ஸலோமத் அம்மாள் தன் மகனுக்குப் பெண் கேட்டு மறுபடி வந்திருந்தாள்; பக்கத்து வீட்டுக்காரி என்று நானும் கூட உட்கார்ந்திருந்தேன். விரிப்பின்மேல் இரண்டு ரொட்டிகள். அவற்றைப் பிட்டுவிட்டால் நிச்சயம். அக்காவின் ஒரே மகள் நஃபோசத் கதவோரம் நின்று அந்த ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்காக அவள் உயிரை விடுவாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அக்கா அறுத்துக் கொண்டுவந்த பழத்துண்டை ஸலோமத் அம்மாள் கடித்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஸெர்சுவ்!" என்றாள்.

நீர் நிறைந்தது. புகழ்ச்சிதான். ஆனால் அக்காவின் முகம் வெம்பிப்போயிற்று.

"தண்ணியா? என் பழத்துல தண்ணியா?"

"ஐயோ, எங்க பக்கம் நல்ல பழத்த அப்படித்தான் சொல்லுவோம், சம்பந்தி."

"வெள்ளரிக்காயிலகூடத்தான் தண்ணி இருக்கு. ஷிரலின்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தெருக்குழாயும் தேனடையும் ஒண்ணா?"

"அம்மா!" என்றாள் நஃபோசத். அக்காவின் காதில் விழவே இல்லை.

"நான் பொண்ணு கேக்க வந்தேனா, உங்ககிட்டப் பாடம் கேக்க வந்தேனா?"

அக்கா தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை; இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். அவள் தளும்பத் தளும்ப ஊற்றினாள். ஸலோமத் அம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். எழுந்து செருப்பைத் தேடினாள்.

தெருக்கதவு சாத்தப்பட்டது. அடுத்த நொடி நஃபோசத்தின் அறைக் கதவும்.

பிடாத ரொட்டிகளைத் தாண்டிப் போய், முகர்ரம் அக்கா மகளின் கதவில் காதை ஒட்டவைத்தாள். இரண்டு விரலால் மெல்லத் தட்டினாள். டொப், டொப்.